விடை எத்தனை மடங்கு தவறு? வேதியியல் கணக்குகளில் பிழையைத் தேடும் வழி

வேதியியல் கணக்கில் விடை தப்பிவிட்டால் பெரும்பாலான மாணவர்கள் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி போடுகிறார்கள். அதே கை, அதே பழக்கம். இரண்டாவது முறையும் அதே தவறான விடையே வருகிறது. போதாக்குறைக்கு, ‘இரண்டு தடவை ஒரே விடை வந்துவிட்டதே, அப்படியானால் புத்தகம்தான் தவறோ’ என்ற சந்தேகமும் முளைத்துவிடுகிறது.

தவறான விடையை அடிக்காதீர்கள். எங்கே சறுக்கினீர்கள் என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. படிக்கும் முறை எளிது: உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் விகிதம்தான் நோயின் அறிகுறி. வேதியியலின் தொடக்கநிலைக் கணக்குகள் பெரும்பாலும் பெருக்கலும் வகுத்தலும் கோத்த சங்கிலிகள். ஒரு கண்ணி தவறினால், அந்தக் கண்ணியின் மதிப்பு கரையாமல் அப்படியே விகிதத்தில் வந்து நிற்கும்.

ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு காரணியைப் போட மறந்திருந்தால் விகிதம் அந்தக் காரணியாகவோ அதன் தலைகீழாகவோ இருக்கும். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருந்தால், அல்லது பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருந்தால், விகிதம் அந்தக் காரணியின் வர்க்கமாகவோ வர்க்கத்தின் தலைகீழாகவோ இருக்கும். சோடியம் குளோரைடின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் (6.022 × 10²³ துகள்கள் கொண்ட தொகுதியின்) நிறை, 58.44 கிராம். கிராமை மோலாக மாற்றும்போது விடை 58.44 மடங்கு பெரிதாக வந்தால் வகுக்கவே இல்லை என்று பொருள். 3415 மடங்கு வந்தால் 58.44-ஐ 58.44-ஆல் பெருக்கிப் பாருங்கள். வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கியிருக்கிறீர்கள்.

தேர்வறையில் சரியான விடை கையில் இருக்காது. அங்கே உதவுபவை சில எல்லைக் கற்கள். அறை வெப்பநிலையிலும் சாதாரண அழுத்தத்திலும் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24 லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு லிட்டர் நீரில் இருப்பது சுமார் 55.5 மோல் நீர்தான். ஆய்வகத்தில் கிடைக்கும் அடர் சல்பியூரிக் அமிலமே சுமார் 18 மோலார், அதாவது லிட்டருக்கு 18 மோல். ஆகவே ஒரு கரைசலின் செறிவு 400 மோலார் என்று வந்தால், யாரையும் கேட்காமலே அந்த விடையைத் தள்ளிவிடலாம்.

அறிகுறி: விகிதம் 1000, அல்லது பத்தின் வேறோர் அடுக்கு

இருப்பதிலேயே மலிவான பிழை இது. மிகுதியாக நிகழ்வதும் இதுதான். தரம்பார்த்தல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 25.0 மில்லிலிட்டர் இருக்கிறது. அதில் எத்தனை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு?

மாணவர் 0.100-ஐ 25.0-ஆல் பெருக்குகிறார். 2.50 மோல். மோலார் நிறை 40.00 என்பதால் 100 கிராம். எண்கள் அழகாக வருகின்றன, அடிக்கோடும் போட்டாயிற்று. ஒரு சிறு குடுவையில் பாதிகூட நிறையாத 25 மில்லிலிட்டர் திரவத்துக்குள் 100 கிராம் திடப்பொருள் எப்படி ஒளிந்துகொண்டது என்ற கேள்வி மட்டும் எழவில்லை. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை மோல் என்ற கணக்கு. எனவே 25.0 மில்லிலிட்டரை முதலில் 0.0250 லிட்டராக்க வேண்டும். விடை 0.100 கிராம்.

சிலர் லிட்டராக்க வேண்டும் என்பதை மறப்பதில்லை, ஆனால் 25.0-ஐ 1000-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். இப்போது விகிதம் 1000 அன்று, பத்து லட்சம். மேலே சொன்ன விதிதான்: மறந்தால் காரணி, தலைகீழானால் காரணியின் வர்க்கம்.

சிகிச்சை: அலகு பெரிதானால் எண் சிறிதாகும், அலகு சிறிதானால் எண் பெரிதாகும். லிட்டர் பெரியது, ஆகவே எண் குறைய வேண்டும். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு குடம் நீரைக் குடத்தால் அளந்தால் ஒன்று, தேக்கரண்டியால் அளந்தால் ஆயிரக்கணக்கு.

விகிதம் 10,000 அல்லது 0.0001 என்று வந்தால் நோய் வேறு. நீளத்தின் அலகை மாற்றிவிட்டு, கனத்தை மறந்திருக்கிறீர்கள். எத்தனாலின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு 0.789 கிராம். இதைக் கனமீட்டருக்குக் கிலோகிராம் என்று மாற்றச் சொன்னால், ‘ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர்’ என்று 100-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, 0.0789 என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரு கனமீட்டர் காற்றே ஒரு கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டது. இந்த விடையை நம்பினால் எத்தனால் பலூனைப்போல் மேலே பறந்தாக வேண்டும். கனமீட்டர் என்பது 100 × 100 × 100 கனசென்டிமீட்டர், அதாவது 10⁶. சரியான விடை 789. அலகின் தலையில் அடுக்கு 3 இருந்தால் மாற்றுக் காரணியின் தலையிலும் அதே 3 ஏற வேண்டும். நானோமீட்டரில் இது இன்னும் கடுமை: ஒரு கனநானோமீட்டர் 10⁻²⁷ கனமீட்டர், 10⁻⁹ அன்று.

அறிகுறி: விகிதம் 2.2, 4.18, 60 போன்ற தெரிந்த முகம்

2.2 என்றால் பவுண்டும் கிலோகிராமும் கலந்துவிட்டன. 4.18 என்றால் கலோரியும் ஜூலும். 60 என்றால் நிமிடமும் நொடியும். 3600 என்றால் மணியும் நொடியும். 760 வந்தால் பாதரச மில்லிமீட்டரும் வளிமண்டல அழுத்தமும்.

இவற்றில் முதலாவது, தாளில் மட்டும் நிகழ்ந்து முடிந்த பிழையன்று. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரங்களும் நின்ற நிலையில் சறுக்கியே தரையிறங்கியது. எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யாததால் தொட்டியில் இருந்ததைக் கையால் அளந்து கணக்கிட்டார்கள். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை நிறையாக மாற்ற அவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அந்த எண்ணில் தவறில்லை, அதன் அலகில்தான் வினை இருந்தது. 1.77 என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண். கிலோகிராமுக்கு உரியது 0.803.

கணக்கைத் தொடர்ந்து பாருங்கள். 7,682 × 1.77 = 13,597. இதைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு, குறைவது 8,703 கிலோகிராம் என்று கழித்து, அதை 1.77-ஆல் வகுத்து, 4,916 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். 0.803 கொண்டு கணக்கிட்டால் ஊற்ற வேண்டியது ஏறத்தாழ 20,088 லிட்டர். விமானம் கிளம்பியபோது தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளே இருந்தது. 1.77-ஐ 0.803-ஆல் வகுத்தால் 2.204, ஒரு கிலோகிராமில் இருக்கும் பவுண்டுகளின் எண்ணிக்கை அதுவே. கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் விமானிகள் அதை இறக்கினார்கள்; உயிரிழப்பு இல்லை.

அலகு ஒட்டாத எண்ணைக் கணக்குக்குள் நுழையவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் நச்சரிப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. 1.77-க்குப் பக்கத்தில் ‘பவுண்டு/லிட்டர்’ என்ற இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தால், பெருக்கியவுடன் லிட்டர் அடிபட்டுப் பவுண்டு மீந்திருக்கும். கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்க எந்தக் கையும் தயங்கியிருக்கும்.

ஒரே கணக்கு, ஐந்து தவறான விடைகள்

அலகுகளை எழுதியே கணக்கிடும் முறையை ஒரு முழு உதாரணத்தில் பார்ப்போம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: நிறைச் சதவீதம் 37, அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.19 கிராம், ஹைட்ரஜன் குளோரைடின் மோலார் நிறை 36.46. மோலாரிட்டி என்ன?

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்: மோல்/லிட்டர். பிறகு கையில் இருப்பதிலிருந்து கிளம்புங்கள்.

1.19 கிராம் கரைசல்/மில்லிலிட்டர் × 1000 மில்லிலிட்டர்/லிட்டர் × 37 கிராம் அமிலம்/100 கிராம் கரைசல் × 1 மோல் அமிலம்/36.46 கிராம் அமிலம்

மில்லிலிட்டரை மில்லிலிட்டர் அடிக்கிறது, கிராம் கரைசலைக் கிராம் கரைசல் அடிக்கிறது, கிராம் அமிலத்தைக் கிராம் அமிலம் அடிக்கிறது. மோல்/லிட்டர் மீதி. விடை 12.1. ‘கிராம்’ என்று மட்டும் எழுதாமல் எதன் கிராம் என்றும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கரைசலின் கிராமை அமிலத்தின் கிராமால் அடிப்பது இந்தக் கணக்கில் ஆள் விழுங்கும் பள்ளம்.

இனித் தவறான விடைகள். 0.0121 என்றால் 1000 விடுபட்டது. 1208 என்றால் 37-ஐ 100-ஆல் வகுக்கவில்லை. 32.6 என்றால் சதவீதத்தையே மறந்து, குடுவையில் இருப்பது முழுக்க அமிலம் என்று கொண்டீர்கள். 10.1 என்றால் அடர்த்தி விடுபட்டது. ஒரு லிட்டர் அமிலத்தை ஒரு கிலோகிராம் என்று நினைத்துவிட்டீர்கள், விகிதம் 1.19 அதைக் காட்டிக்கொடுக்கும். 440 என்றால் கணக்கு முடியவில்லை. அது லிட்டருக்குக் கிராம், மோலார் நிறையால் வகுக்க வேண்டியது பாக்கி. இந்த ஐந்தில் 10.1 மட்டும்தான் ஆபத்தானது. மற்றவை பார்த்தவுடன் கண்ணை உறுத்தும். இது நல்ல பிள்ளைபோல் நிற்கும்.

அறிகுறி: விகிதம் சரியாக 10, அல்லது பொருளே இல்லாத பிரம்மாண்டமான எண்

இது இயற்கணிதக் குற்றம் அன்று, கால்குலேட்டரில் விரல் செய்த குற்றம். 6.022 × 10²³ என்பதை உள்ளிட 6.022, பெருக்கல் குறி, 10, பிறகு ‘எக்ஸ்பி’ விசை, 23 என்று அழுத்துகிறார்கள். அந்த விசைக்கே ‘பெருக்கல் பத்தின் அடுக்கு’ என்றுதான் பொருள். முன்னால் ஒரு 10-ஐயும் பெருக்கினால் விடை பத்து மடங்காகும். 6.022, எக்ஸ்பி, 23. அவ்வளவே.

அடுத்தது பகுதியில், அதாவது வகுத்தல் கோட்டுக்குக் கீழே, இரண்டு எண்கள் வரும்போது. வாயுச் சமன்பாட்டில் மோல் எண்ணிக்கை = அழுத்தம் × கனஅளவு ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை). அழுத்தம் 101325 பாஸ்கல், கனஅளவு 0.00250 கனமீட்டர், வெப்பநிலை 298 கெல்வின் என்றால் சரியான விடை 0.102 மோல். 253.3 ÷ 8.314 × 298 என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் 9080 மோல் வரும். கால்குலேட்டர் இடமிருந்து வலமாகச் செல்கிறது; 8.314-ஆல் வகுத்துவிட்டு 298-ஆல் பெருக்கிவிட்டது. விகிதம் 88,804, அதாவது 298-இன் வர்க்கம். பகுதிக்கு எப்போதும் அடைப்புக்குறி போடுங்கள், அல்லது ஒவ்வொன்றாலும் தனித்தனியே வகுங்கள்.

அறிகுறி: வாயுக் கணக்கில் விகிதம் 101 அல்லது 1000

வாயு மாறிலி ஒன்றுதான். அது அணியும் உடைகள் பல. அழுத்தம் வளிமண்டல அலகிலும் கனஅளவு லிட்டரிலும் இருந்தால் 0.08206. அழுத்தம் பாஸ்கலிலும் கனஅளவு கனமீட்டரிலும் இருந்தால் 8.314. அழுத்தம் கிலோபாஸ்கலில், கனஅளவு லிட்டரில் இருந்தாலும் அதே 8.314 பொருந்தும், ஆயிரமும் ஆயிரமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கிலோபாஸ்கலோடு 0.08206-ஐச் சேர்த்தால் விடை 101.3 மடங்கு தவறும். பாஸ்கலோடு லிட்டரைச் சேர்த்தால் 1000 மடங்கு. மாறிலியின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து அலகை விட்டுவிடுபவர்கள் வந்து விழும் இடம் இது.

அறிகுறி: சூடாக்கினால் வாயு இரட்டிப்பாகிறது, குளிர வைத்தால் கனஅளவு எதிர்மறை

25 டிகிரி செல்சியஸில் 2.00 லிட்டர் வாயு இருக்கிறது. அழுத்தத்தை மாற்றாமல் 50 டிகிரிக்குச் சூடாக்கினால்? 25 இரண்டு மடங்காகி 50 ஆனது, ஆகவே 4.00 லிட்டர் என்பது தூண்டிலில் மாட்டிய விடை. கெல்வினில் அது 298.15-இலிருந்து 323.15-க்குப் போன பயணம். எட்டு சதவீத உயர்வு. விடை 2.17 லிட்டர். இதே கணக்கில் மைனஸ் 10 டிகிரிக்குக் குளிரச் செய்தால் செல்சியஸ்காரர்களுக்குக் கனஅளவு எதிர்மறையாக வரும். அந்த விடை வந்தவர்கள் பாக்கியசாலிகள், பிழை தானே கையைத் தூக்கி நிற்கிறது. இரட்டிப்பாகும் விடைதான் சத்தமின்றித் தப்பிவிடும்.

இந்தப் பாடத்தை மிகையாகக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் வெப்பநிலை என்ற சொல்லைக் கண்டாலே 273-ஐக் கூட்டுவார்கள். 100 கிராம் நீரை 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான வெப்பம் 100 × 4.184 × 10 = 4184 ஜூல். அந்த 10 என்பது வேறுபாடு. 35-க்கும் 25-க்கும் தனித்தனியே 273.15 கூட்டிவிட்டுக் கழித்தாலும் 10-தான் மீதி. ஆனால் வேறுபாட்டின் மீதே 273-ஐக் கூட்டி 283 ஆக்கினால் விடை 28.3 மடங்கு வீங்கிவிடும். வெப்பநிலை தனியாக நின்று பெருக்கவோ வகுக்கவோ செய்தால் கெல்வின் கட்டாயம். இரண்டின் கழித்தல் மட்டும் வந்தால் எதுவானாலும் சரி.

அறிகுறி: விகிதத்தில் எந்த முகமும் தெரியவில்லை

விகிதம் 3.7, 0.82 என்று அடையாளமற்ற எண்ணாக இருந்தால், கணக்கில் கூட்டலோ கழித்தலோ இருக்கிறது என்று பொருள். கூட்டல் இருக்கும் இடத்தில் விகிதச் சோதனை பலிக்காது. இங்கேதான் இயற்கணிதத்தை வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

50.0 கிராம் நீரில் எவ்வளவு உப்பைக் கரைத்தால் 20 சதவீதக் கரைசல் கிடைக்கும்? 50-இல் 20 சதவீதம் 10, ஆகவே 10 கிராம் என்று சொல்லாதவர்கள் குறைவு. நானும் ஒரு காலத்தில் சொன்னேன். உப்பைப் போட்டவுடன் கரைசலின் நிறையும் கூடுகிறது என்பதை இந்த விடை மறந்துவிடுகிறது. உப்பின் நிறையை ‘க’ என்று வைத்தால்,

க ÷ (க + 50.0) = 0.20

இந்த வரியைச் சரியாக எழுதிய பிறகும் சிலர் மேலும் கீழும் இருக்கும் ‘க’வை அடித்துவிடுகிறார்கள். கூட்டலுக்குள் இருக்கும் உறுப்பை அடிக்க முடியாது. பெருக்கலில் நிற்பதை மட்டுமே அடிக்கலாம். (3 + 6) ÷ 3 என்பதில் 3-ஐ அடித்தால் 6 வருகிறது, உண்மை விடை 3. ஐயம் வரும்போதெல்லாம் இப்படிச் சிறு எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. பகுதியை இருபுறமும் பெருக்கினால் க = 0.20க + 10.0. அதாவது 0.80க = 10.0, க = 12.5 கிராம். சோதனை: 12.5 ÷ 62.5 = 0.20.

குறியில் நிகழும் பிழைக்கு இன்னொரு நல்ல உதாரணம் வெப்பப் பரிமாற்றம். 90 டிகிரியில் 50 கிராம் நீர், 20 டிகிரியில் 100 கிராம் நீர், இரண்டையும் கலக்கிறோம். இறுதி வெப்பநிலை ‘வெ’. சூடான நீர் இழந்தது = குளிர்ந்த நீர் பெற்றது. சமன்பாடு 50(90 − வெ) = 100(வெ − 20). விரித்தால் 4500 − 50வெ = 100வெ − 2000. 6500 = 150வெ. வெ = 43.3 டிகிரி. இடப்பக்கத்தில் (வெ − 90) என்று எழுதிவிட்டால் விடை மைனஸ் 50 டிகிரி. இரண்டு கோப்பை நீரைக் கலந்ததும் பனிக்கட்டியாகிவிட்டது! அடைப்புக்குறிக்குள் இருக்கும் 20-ஐப் பெருக்க மறந்து, வலப்பக்கத்தை 100வெ − 20 என்று விரித்தவருக்கு 30.1 டிகிரி வரும். இது 20-க்கும் 90-க்கும் இடையில் அடங்குவதால் பிழை கண்ணில் படாது. ஒரே மருந்து: வந்த விடையை முதல் வரியில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 50 × 59.9 = 2995; 100 × 10.1 = 1010. பொருந்தவில்லை.

சமன்பாட்டைத் திருப்பி எழுதுவதில் தடுமாறுபவர்களுக்கு முக்கோணத்துக்குள் மூன்று எழுத்துகளைப் போட்டு, வேண்டியதை விரலால் மறைக்கும் வித்தையைச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று அளவுகள் இருக்கும்வரை அது ஓடும். ஒருங்கிணைந்த வாயுச் சமன்பாட்டில் ஆறு அளவுகள் வந்ததும் முக்கோணம் கைவிட்டுவிடும். இருபுறமும் ஒரே வேலையைச் செய்யும் பழக்கம் எத்தனை அளவுகள் வந்தாலும் நிற்கும். தேடும் அளவு பகுதியில் மாட்டியிருந்தால், முதல் வேலை அதனாலேயே இருபுறமும் பெருக்கி அதை மேலே கொண்டுவருவது. பிறகுதான் மற்றவற்றை நகர்த்த வேண்டும். எண்களை அதற்கும் பிறகு போடுங்கள். எழுத்துகளாக இருக்கும்வரை அலகுப் பிழை கண்ணுக்குத் தெரியும், எண்களாகிவிட்டால் மறைந்துவிடும்.

அறிகுறி: பிஎச் கணக்கில் விகிதம் 2.303

கால்குலேட்டரில் ‘லாக்’ விசைக்குப் பக்கத்திலேயே ‘எல்என்’ விசை இருக்கிறது. பிஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு, பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்து, மைனஸ் குறி போட்டால் அது கிடைக்கும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2.5 × 10⁻⁴ என்றால் பிஎச் 3.60. பக்கத்து விசையை அழுத்தினால் 8.29, அமிலம் காரமாக மாறிவிட்டது.

திரும்பி வரும் வழியில், பிஎச் 3.60-இலிருந்து செறிவைக் காணும்போது, மைனஸ் குறியை விட்டுவிட்டால் லிட்டருக்கு 3981 மோல் வரும். தூய நீரிலேயே 55.5 மோல்தான் என்று மேலே பார்த்தோம்.

இன்னொன்று மடக்கையின் குணத்தைப் புரிந்துகொள்ளாததால் வருவது. பிஎச் 2 உள்ள வலிமை மிகு அமிலக் கரைசலையும் பிஎச் 4 உள்ளதையும் சம அளவில் கலந்தால் சராசரி 3 என்பார்கள். சராசரி எடுக்க வேண்டியது செறிவுக்கு. 0.01-உம் 0.0001-உம் கலந்து பாதியானால் 0.00505, பிஎச் 2.30. கூட்டலின் மடக்கை, மடக்கைகளின் கூட்டல் ஆகாது.

அறிகுறி: விகிதம் 2, 3, 1.5 போன்ற சிறு எண்

சமன்படுத்திய சமன்பாட்டின் குணகம் விடுபட்டிருக்கிறது, அல்லது தலைகீழாகியிருக்கிறது. சமன்பாட்டுக்குத் திரும்புங்கள். குணகத்தைக் கிராமுக்குப் பயன்படுத்துவது இதன் மோசமான வடிவம். ஒரு மோல் நைட்ரஜன் இரண்டு மோல் அம்மோனியா தருகிறது என்பதால் 28 கிராம் நைட்ரஜன் 56 கிராம் அம்மோனியா தரும் என்று எழுதுகிறார்கள். 28 கிராம் நைட்ரஜனும் 6 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்தால் 34 கிராம்தானே? மீதி 22 கிராம் எங்கிருந்து வந்தது? குணகம் மோலின் மொழி. கிராமை மோலாக்கி, விகிதத்தைப் போட்டு, மறுபடி கிராமாக்க வேண்டும்.

அறிகுறி: விகிதம் 1-ஐ ஒட்டியே நிற்கிறது

1.01, 1.09, 1.17 என்று வந்தால் முறை சரி, விவரத்தில்தான் கோளாறு. இடையிலேயே முழுமையாக்கியது முதல் காரணம். 1.00 கிராம் சோடியம் குளோரைடு 0.01711 மோல். அதை 0.02 என்று சுருக்கிவிட்டுத் தொடர்ந்தால் விடை 1.17 மடங்காகும். முக்கிய எண்ணுருக்களைக் கடைசி வரியில் கவனித்தால் போதும். நடுவில் கால்குலேட்டர் நினைவில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

1.09 என்றால் 298-ஐ 273-ஆல் வகுத்துப் பாருங்கள். அறை வெப்பநிலையும் பூஜ்ய டிகிரியும் கலந்துவிட்டன. 1.013 என்றால் தவறு உங்களுடையதாக இல்லாமலும் போகலாம். திட்ட அழுத்தம் என்பது முன்பு ஒரு வளிமண்டலம். அப்போது பூஜ்ய டிகிரியில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.4 லிட்டர். 1982-இல் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் அதை ஒரு ‘பார்’ (100 கிலோபாஸ்கல்) என்று மாற்றியது, அதன்படி 22.7 லிட்டர். பல புத்தகங்கள் இன்னும் 22.4-ஐயே பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில புத்தகங்களில் பாடம் 22.7 என்றும் பயிற்சியின் விடை 22.4-ஐ வைத்தும் இருக்கும். உங்கள் விடைக்கும் புத்தகத்தின் விடைக்கும் இடையில் 1.013 நின்றால், கணக்கை அடிக்காமல் ஓரத்தில் எந்த அழுத்தத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.